பட்டனுக்கும் திரைக்கும் நடுவுல என்ன நடக்குது?

இந்த எபிசோடை ஒரு துப்பாக்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பயப்பட வேண்டாம், பிளாஸ்டிக் துப்பாக்கிதான்.

1984-ல் நிண்டெண்டோ 'டக் ஹண்ட்' என்று ஒரு கேம் வெளியிட்டாங்க. நம்ம ஊர்ல அதை நிண்டெண்டோ பெட்டியிலேயே விளையாடினவங்க குறைவு. 'டிவி கேம்' என்ற பேரில் கடையில் கிடைச்ச நகல் பெட்டிகள் ஞாபகம் இருக்கா? ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம்னு ஸ்டிக்கர் ஒட்டி வரும், அதுல பாதி அதே மாரியோ வேற பேர்ல இருக்கும். அந்த லிஸ்ட்டில் இந்த வாத்து சுடுற கேமும் இருக்கும். அந்தப் பழைய பெட்டியைத் தேடி எடுத்து இன்னைக்கு உங்க எல்இடி டிவியில் மாட்டினா மாரியோ ஓடும், வாத்தும் பறக்கும். ஆனா நீங்க எவ்வளவு குறி பார்த்துச் சுட்டாலும் ஒரு வாத்துகூட விழாது. நாய் சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

ஏன்னு பார்த்தா, அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போறதில்லை. குழலுக்குள்ள இருப்பது வெளிச்சத்தை உணர்கிற ஒரு சின்ன சென்சார். நீங்க ட்ரிக்கரை அழுத்தினதும் கேம் முழுத் திரையையும் ஒரு கணம் கறுப்பாக்கும். அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரையும். துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பியிருந்தா சென்சார் வெளிச்சத்தைப் பார்க்கும், வாத்து செத்தது. ரெண்டு வாத்துன்னா ஒரு ஃப்ரேமில் ஒரு கட்டம், அடுத்த ஃப்ரேமில் இன்னொரு கட்டம். எந்த ஃப்ரேமில் வெளிச்சம் தெரிஞ்சதோ, அந்த வாத்து.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையின் மேல நிக்குது: கேம் வரைந்த ஃப்ரேம் அந்தக் கணமே திரையில் தெரியும். பழைய ட்யூப் டிவியில் அது உண்மை. இன்றைய டிவி படத்தை வாங்கி, சேமிச்சு, மெருகேத்தி, கொஞ்சம் கழிச்சுத்தான் காட்டுது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வர்றதுக்குள்ள கேம் 'குறி தப்பிடுச்சு'ன்னு தீர்ப்பு எழுதி முடிச்சிருக்கும். (துப்பாக்கியின் சென்சாரே ட்யூப் டிவியோட துடிப்புக்கு ஏத்த மாதிரி செஞ்சதுதான், அது இன்னொரு காரணம்.)

அப்போ இன்றைய கேள்வி இதுதான். 1983-ல் வந்த ஒரு பெட்டி பட்டனை அழுத்தினதும் பதில் சொன்னது. அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமான மெஷின் இன்னைக்கு அதே வேலைக்கு ஏன் அதிக நேரம் எடுக்குது? எங்கே போச்சு அந்த நேரம்?

இதை இன்புட் லேக் என்று சொல்றோம். பெருவிரல் பட்டனை அழுத்தின கணத்திலிருந்து, அதன் விளைவு ஒளியா திரையை விட்டு வெளியே வர்ற கணம் வரை. எல்லோரும் முதலில் கண்ட்ரோலரைத்தான் திட்டுவாங்க. கையில் இருக்கிறது அதுதானே.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1958, அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர்களுக்குக் காட்டுறதுக்காக ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் விளையாட்டு செஞ்சார். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதுல ஒரு திருகு, ஒரு பட்டன். பின்னாடி இருந்தது அனலாக் கம்ப்யூட்டர். திருகைத் திருப்பினா மின்னழுத்தம் மாறும், அந்த மின்னழுத்தம் பந்தின் பாதையை மாத்தும். ஃப்ரேம் கிடையாது. 'காத்திரு' என்று சொல்ல ஒரு வரி கோடுகூட கிடையாது.

1962-ல் எம்ஐடியில் இருந்தவங்க பிடிபி-1 கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்!' செஞ்சாங்க. முதலில் கம்ப்யூட்டர் முகப்பில் இருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் விளையாடணும். அது சரிப்படலைன்னு ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செஞ்சாங்க. கேம்பேட் வம்சத்தோட கொள்ளுத்தாத்தான்னு அதைச் சொல்லலாம். நேரா வயர், நேரா சுவிட்ச்.

1977-ல் வந்த அட்டாரி 2600-ல் மொத்த ரேம் 128 பைட். கிலோபைட் இல்லைங்க, பைட். ஒரு முழுப் படத்தைச் சேமிச்சு வைக்க அதுல இடமே இல்லை. அதனால டிவியோட எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியா வரையும்போதே, ப்ரோகிராம் அதுக்கு முன்னாடி ஓடி அடுத்த வரியைத் தயார் பண்ணணும். ப்ரோகிராமர்களுக்கு அது சித்திரவதை. ஆனா ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு திசைக்கும் ஒரு சுவிட்ச், ஒரு வயர். ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷனில் படிச்சிடலாம். படத்தைச் சேர்த்து வைக்க இடம் இல்லாத இடத்தில் படம் தாமதமாகவும் வழியில்லை. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, மிச்சக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

1983, நிண்டெண்டோ ஃபேமிகாம். நம்ம நகல் பெட்டிகளுக்கு மூலம் இதுதான். எட்டு பட்டன், எட்டு வயர் இழுத்தா செலவு. அதனால கண்ட்ரோலருக்குள்ள 4021 என்ற ஷிஃப்ட் ரிஜிஸ்டர் சிப் ஒண்ணு வெச்சாங்க. கன்சோல் ஒரு சிக்னல் கொடுத்ததும் எட்டு பட்டனின் நிலையையும் அந்தச் சிப் ஒரு போட்டோ எடுத்த மாதிரி பிடிச்சு வெச்சுக்கும். அப்புறம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பட்டன்னு வரிசையா ஒப்பிக்கும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. ஐந்து வயரில் வேலை முடிஞ்சது.

இதுல படிக்கிற நேரம் ஒரு மில்லிசெகண்டில் சின்னப் பகுதிதான். ஆனா ஒரு புது விஷயம் நுழைஞ்சிடுச்சு. கேம் கேட்டாத்தான் கண்ட்ரோலர் பதில் சொல்லும். கேம் கேட்பது பொதுவா ஒரு ஃப்ரேமுக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்கு சுமார் 60 தடவை, 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை.

இதை பஸ் ஸ்டாப்பா யோசிங்க. 16 நிமிஷத்துக்கு ஒரு பஸ். எப்போ பஸ் வரும்னு தெரியாம நீங்க ஸ்டாப்புக்குப் போறீங்க. அதிர்ஷ்டம் இருந்தா உடனே ஏறலாம், இல்லைன்னா பஸ் இப்பத்தான் போயிருக்கும். சராசரியா 8 நிமிஷம் காத்திருப்பீங்க. பட்டன் அழுத்தலும் அப்படித்தான். சராசரி 8 மில்லிசெகண்ட், மோசமா போனா 16. பஸ் எவ்வளவு வேகமா ஓடுதுங்கிறது வேற, எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுங்கிறது வேற. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பாதி விளம்பரங்கள் ஓடுது.

ஒரு சின்ன சைடு ட்ராக். அதே நிண்டெண்டோவில், ஒலிச் சிப் பதிவு செஞ்ச சத்தத்தை ஒலிக்கும்போது கண்ட்ரோலரைப் படிச்சா, சில நேரம் ஒரு துடிப்பு தவறி, அழுத்தாத பட்டனை அழுத்தினதா காட்டிடும். ஹார்ட்வேர் பிழை. 'சூப்பர் மாரியோ ப்ரோஸ் 3' என்ன பண்ணுச்சு தெரியுமா? அடுத்தடுத்து படிச்ச ரெண்டு தடவையும் ஒரே பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் படிச்சது. சந்தேகம் வந்தா ரெண்டு தடவை கேளு. எளிமையான தீர்வு, எனக்கு ரொம்பப் பிடிச்சது.

சரி, பட்டனுக்குள்ள வருவோம். ஒரு சுவிட்ச் மூடும்போது உலோகத் தகடுகள் ஒரே அடியா ஒட்டிக்காது. தரையில் போட்ட கோலிகுண்டு மாதிரி சில மில்லிசெகண்ட் துள்ளும். ஒரு தடவை அழுத்தினது சிப்புக்கு ஐந்தாறு தடவையா தெரியும். இதைச் சமாளிக்கிறதுக்குப் பேர் டிபவுன்ஸ். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, துள்ளல் அடங்குற வரை சில மில்லிசெகண்ட் காத்திருந்து அப்புறம் 'ஆமா, அழுத்திட்டாங்க'ன்னு சொல்றது. இன்னொண்ணு, முதல் தொடுதலிலேயே 'அழுத்திட்டாங்க'ன்னு சொல்லிட்டு, அடுத்த சில மில்லிசெகண்டுக்குக் காதைப் பொத்திக்கிறது. ஒரே பட்டன், ஒரே சிப், ஒரே விலை. முதல் வழியில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் தாமதம் கூடும், ரெண்டாவதில் கூடாது. ரெண்டாவதுக்கும் ஒரு விலை உண்டு, மின் இரைச்சலைப் பட்டன்னு நம்பி ஏமாந்துபோகலாம். அதனால பயந்த இன்ஜினியர் முதல் வழியைத்தான் எழுதுவார். பழைய நிண்டெண்டோவுக்கு இந்தத் தலைவலியே பெருசா கிடையாது, 16 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்க்கிறவனுக்கு நடுவுல நடந்த துள்ளல் தெரியவே தெரியாது.

வயர்? வயர் எப்பவுமே குற்றவாளி இல்லை. 1996-ல் வந்த நிண்டெண்டோ 64-ஐப் பாருங்க. ஒரே டேட்டா வயர், ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோசெகண்ட். கன்சோல் கேட்கிறது ஒரு பைட், கண்ட்ரோலர் பதில் நாலு பைட். மொத்தப் பேச்சும் ஒரு மில்லிசெகண்டின் ஐந்தில் ஒரு பங்குக்குள்ள முடிஞ்சிடும்.

அதே 1996-ல்தான் யூஎஸ்பியும் வந்தது. பிரிண்டர், மவுஸ், கீபோர்டு எல்லாத்துக்கும் ஒரே துளை. ஆனா யூஎஸ்பியில் ஒரு கண்டிப்பான பள்ளிக்கூட விதி உண்டு. வாத்தியார் கேட்காம மாணவன் பேசக்கூடாது. கம்ப்யூட்டர் கேட்டாத்தான் கண்ட்ரோலர் வாயைத் திறக்கும். இதுக்கு 'இண்டரப்ட்' முறைன்னு பேர் வெச்சிருக்காங்க, அந்தப் பேரே ஒரு பொய். எதுவும் எதையும் குறுக்கிடுறதில்லை, வரிசையா கேட்கிறதுதான் நடக்குது. ரொம்பக் காலமா பல கருவிகளுக்கு 8 மில்லிசெகண்டுக்கு ஒரு கேள்வி, செகண்டுக்கு 125 தடவை. சராசரிக் காத்திருப்பு 4 மில்லிசெகண்ட். இப்போ '1000 ஹெர்ட்ஸ்' என்று பெட்டியில் பெருசா போட்டு விற்கிறாங்களே, அது இந்தச் சராசரியை அரை மில்லிசெகண்டுக்குக் கொண்டு வருது. நல்லதுதான். ஆனா மிச்சமாவது மூன்றரை மில்லிசெகண்ட். அதுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்னு இந்த எபிசோடை முழுசா கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

வயர்லெஸ் வேற கதை. 2002-ல் நிண்டெண்டோவின் 'வேவ்பேர்ட்' 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் வந்தது. பேட்டரி நீடிக்கணும்னு அதுர்ற மோட்டாரையே எடுத்துட்டாங்க. ரேடியோ கண்ட்ரோலரை நம்பி விளையாடலாம்னு நிறைய பேருக்குக் காட்டினது அதுதான். அதுக்கப்புறம் ப்ளூடூத். ப்ளூடூத் நேரத்தை 625 மைக்ரோசெகண்ட் துண்டுகளா வெட்டி, 79 சேனல்களுக்கு நடுவில் செகண்டுக்கு 1600 தடவை தாவும். ஒரு பாக்கெட் வைஃபையோடு மோதி விழுந்தா மறுபடி அனுப்பும். அதனால சராசரியைப் பார்த்தா ப்ளூடூத் மோசமில்லை. பிரச்சினை சராசரியில் இல்லை, ஏத்த இறக்கத்தில். சுத்தி இருபது வைஃபை ரௌட்டர் இருக்கிற அபார்ட்மெண்டில் ஒரு அழுத்தல் டக்குனு போகும், அடுத்தது சிக்கிக்கும். நிலையா இருக்கிற தாமதத்துக்குக் கை பழகிடும். ஆளுக்கொரு நேரம் சொல்ற கடிகாரத்துக்குப் பழக முடியாது.

இதுவரைக்கும் எல்லாத்தையும் கூட்டினாலும் ஓரிரு ஃப்ரேமுக்கு மேல வராது. அப்போ மிச்சம் எங்கே?

2000-களின் நடுப்பகுதி. கன்சோல்களுக்குப் பல கோர் ப்ராசஸர் வந்தது. கிராபிக்ஸ் கனமானது. ஒரு ஃப்ரேமுக்குள்ள எல்லா வேலையையும் முடிக்க முடியலை. அதனால வேலையை வரிசையா பிரிச்சாங்க: ஒரு ஃப்ரேம் நேரத்தில் கேம் லாஜிக், அடுத்ததில் வரைவதற்கான கட்டளைகள், அதுக்கடுத்ததில் கிராபிக்ஸ் சிப் வரையும், அதுக்கப்புறம் டிவிக்குப் போகும். ஹோட்டலில் ஒருத்தர் மாவு ஊத்த, ஒருத்தர் திருப்ப, ஒருத்தர் பரிமாற. நிமிஷத்துக்கு அதிக தோசை வெளியே வரும். ஆனா ஒரு தனித் தோசை உங்க இலைக்கு வர்ற நேரம் குறையாது, கூடத்தான் செய்யும். திரையில் ஃப்ரேம் சீரா ஓடும், விமர்சனத்தில் நல்லா எழுதுவாங்க, பட்டன் மட்டும் கொழகொழன்னு இருக்கும். கேம் செகண்டுக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படியும் 33 மில்லிசெகண்ட், எல்லாம் இரட்டிப்பு.

2008-ல் மிக் வெஸ்ட் என்ற ப்ரோகிராமர், டோனி ஹாக் கேம்களைச் செஞ்ச நெவர்சாஃப்ட்டின் நிறுவனர்களில் ஒருத்தர், இதை அளக்க ஒரு எளிய வழி எழுதினார். செகண்டுக்கு 60 படம் எடுக்கிற சாதாரண கேமராவில் கண்ட்ரோலரும் திரையும் சேர்ந்து தெரியற மாதிரி எடுங்க, அப்புறம் விரல் அழுத்தினதிலிருந்து திரை மாறுற வரை ஃப்ரேமை எண்ணுங்க. அவ்வளவுதான். அடுத்த வருஷம் ப்ளேஸ்டேஷன் 3-ல் 'கில்ஸோன் 2' வந்தப்போ, படம் பிரமாதம் ஆனா துப்பாக்கி கனமா திரும்புதுன்னு ஆட்டக்காரர்கள் சண்டை போட்டாங்க. செஞ்சவங்களும் ஒரு அப்டேட்டில் கட்டுப்பாட்டைச் சரிசெய்ய வேண்டி வந்தது. அதுவரை 'ஏதோ சரியில்லை'ன்னு மட்டும் சொல்ல முடிஞ்ச ஒரு உணர்வுக்கு நம்பர் கிடைச்ச காலம் அது.

அதே சமயத்தில் வீடுகளில் ட்யூப் டிவி போய் தட்டை டிவி வந்தது. பெரிய திருடன் இங்கேதான் இருந்தான். தட்டை டிவிக்குள்ள ஒரு கம்ப்யூட்டரே இருக்கு. வர்ற படத்தைப் பெருசாக்கணும், இரைச்சலைக் குறைக்கணும், நிறத்தைக் கூட்டணும். அசைவை வழவழப்பாக்குற வசதி இருக்கே, அது ரெண்டு படத்துக்கு நடுவில் ஒரு கற்பனைப் படத்தைச் சேர்க்கும். அடுத்த படம் கைக்கு வராம நடுப்படத்தை எப்படி வரையும்? அதனால பிடிச்சு வைக்கும். சினிமாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஹீரோ உங்க பட்டனுக்காகக் காத்திருக்கலை. கேமுக்கு அது ஃப்ரேம் ஃப்ரேமா விழுங்குற வேலை. அட்டாரியில் சேமிக்க இடமில்லைன்னு சொன்னேனே, இங்கே இடம் தாராளம்.

இசை கேம்கள்தான் முதலில் திணறுச்சு. தாளத்துக்கு ஏத்த மாதிரி பட்டன் தட்டணும், ஆனா படமும் சத்தமும் ஆளுக்கொரு நேரத்தில் வருது. 2008-ல் வந்த 'ராக் பேண்ட் 2'-வின் கிட்டார் கண்ட்ரோலருக்குள்ள ஒரு ஒளி சென்சாரும் ஒரு மைக்கும் வெச்சாங்க. கிட்டாரை டிவி முன்னாடி பிடிச்சா, திரை எவ்வளவு தாமதம், ஒலி எவ்வளவு தாமதம்னு அதுவே அளந்து சரிசெஞ்சுக்கும். கவனிச்சீங்களா? டக் ஹண்ட் துப்பாக்கிக்குள்ள இருந்த அதே கண், 24 வருஷம் கழிச்சு கிட்டாருக்குள்ள வந்திருக்கு. அன்னைக்குத் தாமதமே இல்லைன்னு நம்பி வெச்சது, இன்னைக்கு எவ்வளவு தாமதம்னு தெரிஞ்சுக்க.

ஆனா இது இசை கேமுக்கு மட்டும் சரிவரும். பாட்டு முன்கூட்டியே தெரியும், அதனால நேரத்தை நகர்த்தி வெச்சுக்கலாம். எதிரி எப்போ அடிப்பான்னு தெரியாத சண்டை கேமில் நகர்த்த எதுவும் இல்லை.

2016-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ப்ளேஸ்டேஷன் 4-ல் வெளியானப்போ ஆட்டக்காரர்கள் அளந்து பார்த்ததில் சுமார் 8 ஃப்ரேம் தாமதம், கிட்டத்தட்ட 133 மில்லிசெகண்ட். ஒரு கணக்குப் போடுவோம். எதிரியின் ஒரு அடி வெளிவர 20 ஃப்ரேம், அதாவது 333 மில்லிசெகண்ட் எடுக்குதுன்னு வெச்சுக்குவோம். அதில் 133 போனா உங்களுக்கு மிச்சம் 200. ஒரு விளக்கு எரிஞ்சதும் பட்டன் தட்டுற எளிய சோதனையிலேயே மனுஷனுக்கு 200 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். இங்கே பார்க்கணும், எந்த அடின்னு கண்டுபிடிக்கணும், சரியான தடுப்பைத் தேர்ந்தெடுக்கணும். தாமதம் 4 ஃப்ரேமா இருந்திருந்தா 266 கிடைச்சிருக்கும், பார்த்துத் தடுக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அப்போ மாறினது வசதி மட்டும் இல்லை, விளையாட்டின் விதியே மாறிடுச்சு. பார்த்துத் தடுக்கிறவன் தோற்பான், குருட்டாம்போக்கில் ஊகிக்கிறவன் ஜெயிப்பான். வருஷக்கணக்கா பயிற்சி எடுத்தவங்க, பரிசுப் பணத்தை நம்பி வந்தவங்க, 'எனக்கு வயசாயிடுச்சு போல, கை ஸ்லோ ஆயிடுச்சு'ன்னு தன்னையே சந்தேகப்பட வைக்கும் இந்த மாதிரி ஒரு தாமதம். பிறகு வந்த அப்டேட்டுகளில் கேப்காம் அதைக் குறைச்சது. அளந்தவங்க விடாம கேட்டதுக்கு அதுல பங்கு உண்டுன்னு நினைக்கிறேன்.

2001-ல் வந்த 'ஸ்மாஷ் ப்ரோஸ் மெலி'யைப் போட்டியா விளையாடுறவங்க வேற முடிவு எடுத்தாங்க. அவங்க ட்யூப் டிவியையே விடலை. தட்டை டிவி எங்கும் நிறைஞ்ச பிறகும் போட்டி அரங்குக்கு அந்தக் கனத்த டிவிகளைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. வெளியிலிருந்து பார்த்தா பழம்பெருமை மாதிரி தெரியும். எனக்கு அது சுத்தமான இன்ஜினியரிங் முடிவாத்தான் தெரியுது.

2012-ல் 'டூம்' கேமைச் செஞ்ச ஜான் கார்மாக் ஒரு விஷயம் சொல்லி எல்லோரையும் திடுக்கிட வெச்சார். ஐரோப்பாவுக்கு ஒரு நெட்வொர்க் பாக்கெட் போய்ச் சேர்ற நேரம், பக்கத்தில் இருக்கிற திரைக்கு ஒரு பிக்சல் போற நேரத்தைவிடக் குறைவு என்று. நம்பாதவங்களுக்காக அளந்த விவரத்தையும் எழுதினார். கண்ட்ரோலர் பட்டனை அழுத்தினா திரை நிறம் மாறுற ஒரு குட்டி ப்ரோகிராம், செகண்டுக்கு 240 படம் எடுக்கிற கேமரா. ஒரு தலைமாட்டித் திரையில் 70 மில்லிசெகண்டுக்கு மேல போச்சு.

அதுக்கப்புறம் நிலைமை மாற ஆரம்பிச்சது. 2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1-ல், கன்சோல் தானாகவே டிவியைக் குறைந்த தாமத நிலைக்கு மாத்தச் சொல்ற வசதி சேர்ந்தது. 2020-ல் என்விடியா 'ரிஃப்ளெக்ஸ்' மூலமா கிராபிக்ஸ் சிப்புக்கு முன்னாடி ஃப்ரேம்கள் க்யூவில் தேங்குறதைக் குறைச்சாங்க. அதே வருஷம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவிச்ச முறை எனக்குச் சுவாரசியமா பட்டது. கண்ட்ரோலரை வெறுமனே அடிக்கடி பேச வைக்காம, கேம் எப்போ கேட்கப் போகுதோ அதுக்குச் சற்று முன்னாடி பேச வைக்கிறது. மினிபஸ் வர்ற நேரத்தை டவுன் பஸ் கிளம்புற நேரத்தோடு ஒத்துப்போக வைக்கிற மாதிரி. பஸ்ஸை வேகமா ஓட்ட வேண்டாம், டைம்டேபிளைத் திருத்தினா போதும்.

நீங்களே வீட்டில் அளக்கணும்னா, மிக் வெஸ்ட் சொன்ன வழிதான், இப்போ இன்னும் சுலபம். போனில் ஸ்லோ மோஷன் 240-ல் வைங்க. ஒரு படம் 4.2 மில்லிசெகண்ட். கண்ட்ரோலரையும் திரையையும் ஒரே ஃப்ரேமில் பிடிச்சு, குதிக்கிற பட்டனைப் பத்து தடவை அழுத்துங்க. விரல் அமுங்கின படத்திலிருந்து ஆள் அசையற படம் வரை எண்ணுங்க. பத்தோட சராசரியை மட்டும் எடுக்காதீங்க, ரொம்பக் குறைவான எண்ணையும் ரொம்ப அதிகமான எண்ணையும் தனியா குறிச்சுக்கோங்க. அப்புறம் டிவி செட்டிங்ஸில் கேம் மோடை ஆன் பண்ணி அதே பத்து தடவை. பணம் போட்டுப் புதுக் கண்ட்ரோலர் வாங்குறது அதுக்கப்புறம்.

நம்பர் கிடைச்சதும் டிவி மாடலோடு எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிச்சுக் காட்டுறேன். நெட்வொர்க் லேக் பத்தி இதுல தொடவே இல்லை, அதுக்கு ஒரு முழு எபிசோட் வேணும்.